சின்ன விமானம், சின்ன வாசல்

மரக்காணம் உப்பளங்களில் தை பிறந்தால் வேலை தொடங்கும், புரட்டாசியோடு முடியும். வடகிழக்குப் பருவமழையில் பாத்தியும் வரப்பும் ஒன்றாகிவிடும். அந்த மாதங்களில் பெண்களுக்குக் கூலி இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது உப்பளங்கள் வெள்ளக்காடாயின. அடுத்த மாதமே, தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின.

'மீண்டும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். லாஸ்பேட்டைக்கு 1989இல் வாயுதூத் வந்தது, பிறகு நின்றது. 2013இல் ஸ்பைஸ்ஜெட் வந்தது, ஓராண்டில் போனது. 2015இல் அலையன்ஸ் ஏர் வந்து சில மாதங்களில் நிறுத்தியது. 2017இல் உடான் திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட் திரும்பியது, 2024இல் அதுவும் நின்றது. அந்த ஆண்டின் கடைசியில் வந்தது இண்டிகோ. உப்பளத்துக்காவது ஒரு பருவம் உண்டு. சிறு நகரங்களின் விமானத்துக்கு அதுவும் கிடையாது.

இந்த வருகையையும் போக்கையும் நாளிதழ்கள் பயணியின் பக்கத்திலிருந்தே எழுதுகின்றன. வேலையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு கேள்விகள் எழும். விமானம் மாறும்போது அதை ஓட்டுபவர் யார்? ஆள் தேவைப்படும்போது யாரை உள்ளே விடுகிறார்கள்? விட்டபின் எந்த இருக்கையில் உட்கார வைக்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடு இந்தியாவின் வட்டார விமானங்களின் வரலாற்றைப் படித்தால், அது பெண்களின் வேலை வரலாறாகவும் ஆகிவிடுகிறது.

டகோட்டாவின் காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்துக்குத் தேவைப்படாத டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கிப் பல நிறுவனங்கள் முளைத்தன. விமானம் இருந்தது, விமானி வேண்டும். அந்த நேரத்தில்தான் பிரேம் மாத்தூர் வணிக விமானி உரிமத்தோடு வேலை தேடி அலைந்தார். எட்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் 1947இல் அவரை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் முதல் பெண் வணிக விமானி என்று அவரைப் பாடப்புத்தகங்கள் குறிக்கும். 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் வென்றவரும் அவர்தான். ஆனால் டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாக வைத்துக்கொண்டதே தவிர, விமானத்தின் தலைமைப் பொறுப்பைத் தரவில்லை. அவர் அந்த வேலையை விட்டார். 1953இல் எட்டு தனியார் நிறுவனங்களை இணைத்து அரசு இந்தியன் ஏர்லைன்ஸை உருவாக்கியபோது அங்கே சேர்ந்தார்.

நம் பக்கத்தில் உஷா சுந்தரம். 1949இல் பெங்களூரு ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்ற முதல் பெண். 1951இல் சென்னை மாகாண அரசு ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை வாங்கியது. அதை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர்கள் அவரும் அவர் கணவர் வி. சுந்தரமும். அன்றைக்கு அது ஒரு சாதனை. இருந்தும் அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் 'கணவரோடு பறந்தவர்' என்றே தொடங்குகின்றன. உரிமம் அவர் பெயரில் இருந்தது. வரலாறு அதைக் கணவர் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டது.

பிரெண்ட்ஷிப் வந்தபோது

டகோட்டா கிழடானது. அதன் இடத்தில் ஃபோக்கர் எஃப் 27 பிரெண்ட்ஷிப், ஆவ்ரோ போன்ற டர்போபிராப் விமானங்கள் வந்தன. புதிய விமானம் வந்தால் விமானிகள் எல்லோரும் புதிதாகப் பயில வேண்டும். மூத்தவர்கள் பெரிய விமானத்துக்கு ஏறுவார்கள். அடியில் இடம் காலியாகும். அப்படிக் காலியான ஒரு காலத்தில், 1966இல், இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார் துர்பா பானர்ஜி. அதற்கு முன் நில அளவைக்காகப் பறந்துகொண்டிருந்தவர். விமானி வேலை கேட்டுப் போனபோது அன்றைய அமைச்சர் அவருக்குப் பணிப்பெண் வேலையைச் சொன்னதாகவும், அவர் மறுத்ததாகவும் ஒரு செய்தி அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வரும்.

அந்தச் செய்தியை ஒருவரின் குணக்கேடு என்று சுருக்கிவிடக் கூடாது. விமானத்தில் பெண்ணுக்கு என்று ஒரு வேலை ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு வயது வரம்பு, திருமணத் தடை, கர்ப்பத் தடை எல்லாம் உண்டு. 1981இல் உச்ச நீதிமன்றம் நர்கேஷ் மீர்சா வழக்கில் தீர்ப்பளித்தது. முதல் கர்ப்பத்தோடு பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கும் விதியை அது ரத்து செய்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் முடிக்கக் கூடாது என்பதையும், 35 வயதில் ஓய்வு என்பதையும் ஏற்றுக்கொண்டது. அதே விமானத்தில் வேலை செய்த ஆண் பர்சருக்கு ஓய்வு வயது 58.

அதே 1981 ஜனவரியில்தான் வாயுதூத் பிறந்தது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய வட்டார நிறுவனம். முதலில் வடகிழக்கு மாநிலங்களுக்கு என்று தொடங்கி, பிறகு நாடெங்கும் பரவியது. கான்பூரில் கட்டிய 19 இருக்கை டோர்னியர்கள் நெய்வேலி, தஞ்சாவூர், புதுச்சேரி வரை வந்தன. நட்டத்தில் ஓடிய வாயுதூத் 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்டது.

இதற்கிடையில் 1985 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஒரு ஃபோக்கர் பிரெண்ட்ஷிப் பறந்தது. கேப்டன் சௌதாமினி தேஷ்முக், துணை விமானி நிவேதிதா பாசின். இந்தியாவில் முழுக்கப் பெண்களே இயக்கிய முதல் பயணிகள் விமானம் அது. நிவேதிதா 1990 ஜனவரி 1 அன்று, 26 வயதில், போயிங் 737இன் கேப்டனாகப் பறந்தார். சௌதாமினி போயிங் 737, ஏர்பஸ் ஏ320 இரண்டிலும் கேப்டனாகப் பறந்தார்.

பிரேம் மாத்தூருக்கு டெக்கான் ஏர்வேஸ் மறுத்த இருக்கைக்கும் சில்சார் விமானத்தின் கேப்டன் இருக்கைக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். அந்த இருக்கை முதலில் கிடைத்தது நாட்டின் ஓரத்துக்குப் பறந்த ஒரு சிறு விமானத்தில். சின்ன விமானம்தான் பெண்ணுக்கு வாசல். அந்த வாசல் சின்னதாக இருந்ததும் தற்செயல் இல்லை.

ஏடிஆரும் ஆள் கணக்கும்

லாஸ்பேட்டை ஓடுபாதை ஏறக்குறைய 1500 மீட்டர். பெரிய ஜெட் விமானத்துக்கு அது போதாது. அங்கே வந்துபோன கியூ400, ஏடிஆர் எல்லாமே டர்போபிராப். 80க்குக் குறைவான இருக்கை கொண்ட விமானத்துக்கு இறங்கு கட்டண விலக்கும் உண்டு. இண்டிகோவின் ஏடிஆர் 72இல் 78 இருக்கை இருப்பதன் கணக்கு இதிலிருந்தும் புரியும். உடான் திட்டத்தில் மானியம் மூன்று ஆண்டுகளுக்கு. மானியம் முடிந்தபின் பல ஊர்களில் விமானமும் நின்றுவிடுகிறது.

ஆள் கணக்கு வேறு. ஒரு விமானத்தில் இருப்பது இரண்டு விமானிகள்தான் என்றாலும், நாள்தோறும் அதைப் பறக்க வைக்கப் பல ஜோடிகள் வேண்டும். விடுப்பு, ஓய்வு, பயிற்சி, மருத்துவச் சோதனை எல்லாம் உண்டு. ஏடிஆர் ஓட்டுபவர் மறுநாள் ஏர்பஸ் ஓட்ட முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனித் தகுதி. டர்போபிராப்பில் மணி நேரம் சேர்த்துக்கொண்டு, சம்பளம் கூடுதலான ஜெட்டுக்குப் போவதே வழக்கமான பாதை. அதனால் சிறு விமானங்களை இயக்குவோருக்கு விமானிப் பற்றாக்குறை தீராத நோய்.

இந்தப் பற்றாக்குறைக்கும் பெண்களுக்கும் உறவு உண்டு. உலக அளவில் விமானிகளில் பெண்கள் சுமார் 5 விழுக்காடு. இந்தியாவில் 15 விழுக்காடு என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் 2022இல் நாடாளுமன்றத்தில் பெருமையோடு சொன்னார். பெருமைப்படலாம். ஆனால் கதவு திறந்ததற்கு நியாய உணர்வு மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். பஞ்சாலையில், தேயிலைத் தோட்டத்தில், உப்பளத்தில் பெண்களை வேலைக்கு எடுத்த அதே காரணம் இங்கும் உண்டு. வேலை பெருகியது, ஆள் போதவில்லை. ஆள் மிகுந்துவிட்டால் முதலில் மூடுவது எந்தக் கதவு என்பதையும் அந்த வரலாறுகளே சொல்லும்.

உடலின் கணக்கும் சேர்கிறது. பன்னாட்டு வான் போக்குவரத்து அமைப்பின் தரப்படி, சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 12ஆம் வாரம் முடிந்ததிலிருந்து 26ஆம் வாரம் முடியும் வரையே விமானி பறக்கத் தகுதியுடையவர். பாதுகாப்புக்கான விதி; சண்டை அதோடு இல்லை. பறக்காத மாதங்களில் பறக்கும் மணிகள் சேர்வதில்லை. மணிகள் சேராவிட்டால் கேப்டன் பதவி தள்ளிப்போகும். நிறுவனம் விமானத்தை மாற்றும் ஆண்டும் பிரசவ ஆண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால், புதிய விமானத்துக்கான பயிற்சி வரிசையில் அவள் பின்னுக்குப் போவாள். 1981இல் விதி அவளை வெளிப்படையாக நீக்கியது. இன்று வரிசை அதைச் சத்தமில்லாமல் செய்ய முடியும்.

ஓய்வு என்பது யாருக்கு

2025இல் விமானிகளின் பணிநேர விதிகள் மாறின. வார ஓய்வு 48 மணி நேரமானது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. இரண்டாம் கட்டம் நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவில் புதிய விதிக்கேற்ற அளவு விமானிகள் இல்லாமல் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. அரசு அந்நிறுவனத்துக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு தந்தது. பயணிகளின் கோபத்தில், களைத்துப்போன விமானியின் தூக்கத்துக்காக வந்த விதி இது என்பது மறைந்துபோனது.

பெண்ணியம் இங்கே இன்னொரு கணக்கையும் கேட்க வேண்டும். விதி எண்ணுவது விமான நிலையத்தை விட்டு வெளியேறிய பிறகான மணிகளை. வீட்டுக்குள் நுழைந்ததும் தொடங்கும் அடுப்பையும் பிள்ளையையும் மாமியார் மருந்தையும் எந்த விதியும் எண்ணாது. காகிதத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 48 மணி நேரம். தூக்கத்தில் அல்ல.

மரக்காணத்தில் இந்தப் பேச்சே அந்நியம். வெயில் ஏறுமுன் பாத்திக்குப் போய்விட வேண்டும். உப்பின் வெள்ளை கண்ணை அரிக்கும். பலகை பிடித்து வாருவது 'தெரிந்த வேலை', கூடையைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது 'தெரியாத வேலை' என்று பிரித்து, பெண்ணின் கூலியைக் குறைப்பது பல உப்பளங்களில் பழக்கம். எது திறமை என்று தீர்மானிப்பவர் எப்போதும் வேறொருவர். டெக்கான் ஏர்வேஸில் நடந்ததும் அதுதானே?

அந்தக் கூடையைச் சுமப்பவரின் மகள் விமானியாக என்ன வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும். 200 மணி நேரப் பறத்தல். பல பத்து லட்சம் ரூபாய். அதன்பின் ஒரு விமான வகைக்கான தகுதிக்கு மேலும் பல லட்சம். 15 விழுக்காட்டைச் சொல்லும்போது, அந்தப் பெண்கள் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. சாதியையும் நிலத்தையும் கேட்காத எண்ணிக்கை பாதி எண்ணிக்கைதான்.

மார்ச் 8 வந்தால் முழுக்கப் பெண்களே இயக்கும் விமானங்களைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். 1985இல் அது செய்தி. இன்றும் அதுவே செய்தியாக இருப்பது நிறுவனங்களுக்கு வசதி. 'முதல் பெண்' பட்டியலை மேலும் நீட்டுவது நம் வேலை அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் எந்த வகை விமானத்தில் எத்தனை பெண்கள், அவர்களில் கேப்டன் எத்தனை, பிரசவத்துக்குப் பின் திரும்பியவர் எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். லாஸ்பேட்டைக்கு விமானம் வரப் பொதுப்பணத்தில் மானியம் தர முடிந்த அரசுக்கு, இந்தக் கரையின் ஒரு பெண் அதை ஓட்டப் பயில்வதற்கும் பணம் தர முடியும். கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.