கையெழுத்துப் போடாத வீட்டில் ஒரு நீலச் சட்டை

1998 ஜூலை 13, அதிகாலை. எனக்குப் பத்து வயது. காரைக்காலில் பெரிய தாத்தா வீட்டு ஹாலில் முப்பது பேராவது இருந்திருப்போம். பாரிஸிலிருந்து லீவுக்கு வந்திருந்த பெரியப்பா, "சொந்த நாட்டுல வேர்ல்ட் கப் நடக்குது, நான் இங்க வந்து கொசுக்கடியில உட்கார்ந்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டே பார்த்தார். ஜிதான் தலையால் ஒன்று, மறுபடியும் தலையால் இன்னொன்று, கடைசி நிமிடத்தில் பெத்தி. பிரேசிலுக்கு எதிராக 3-0. முடியும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பக்கத்து ஊரான நாகூரில் சொன்னால் சிரித்திருப்பார்கள். பிரான்ஸ் ஜெயித்ததற்கு உங்களுக்கு என்னடா வெடி?

எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர். பஞ்சாயத்தை இன்றும் கொம்யூன் என்கிறோம். போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி போடுவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவருக்குப் பெயர் 'சொல்தா'. பெரிய தாத்தா ஒரு சொல்தா. சைகோனில் இருந்தவர். ஜூலை 14 வந்தால் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அந்த வருஷம் இரண்டு நாள் முன்பே அவருக்குத் தேசிய தினம் வந்துவிட்டது.

அவருடைய தம்பிதான் என் தாத்தா. தாத்தா கையெழுத்துப் போடவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, சட்டப்படி அது அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம். இங்கே பிறந்து இங்கேயே குடியிருப்பவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் இந்தியர். பெரும்பாலானவர்கள் சும்மா இருந்தார்கள். சில ஆயிரம் பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதை தாத்தா நம்பினார். மூன்று மா நிலம்! அண்ணன் வீடு பாரிஸ் போனது. தம்பி வீடு திருநள்ளாறு பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்த ஆறு மாதத்தில்தான் போய் நிற்கும்.

அதனால் எனக்கு அந்த நீலச் சட்டை வெறும் சட்டை இல்லை. பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன், அந்த ஜூலையில் எனக்குக் கொடுத்த பத்தாம் நம்பர் சட்டை. கையெழுத்தில்லாமல் எனக்குக் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியை இப்போது ஒரு பட்டியலாகப் பார்த்தால், அது அப்படியே பழைய காலனிகளின் வரைபடம். ஜிதானின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். தெசாயி பிறந்தது கானாவில், வியேரா செனகலில், துராம் குவாதலூப்பில். அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக துராம் போட்ட இரண்டு கோல்களும்தான் நாட்டுக்காக 142 ஆட்டங்களில் அவர் போட்ட மொத்தக் கோல்கள். குவாதலூப்பில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வாரிசுகள் அவர்கள். கரெம்பு நியூ கலிடோனியாக்காரர். 1931-ல் பாரிஸில் காலனியக் கண்காட்சி நடந்தபோது கனாக் மக்களைக் கூட்டிப் போய் மிருகக்காட்சிசாலையில் வைப்பதுபோல வைத்தார்கள். சிலரை முதலைகளுக்கு மாற்றாக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அப்படிக் காட்சிக்கு வைக்கப்பட்டவர்களில் கரெம்புவின் மூதாதையரும் இருந்தார். தேசிய கீதம் ஒலிக்கும்போது கரெம்பு வாயை மூடிக்கொண்டு நிற்பார். அதே கண்காட்சியில் பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. பெரிய தாத்தா அந்தக் கீதத்தை முழுசாகப் பாடுவார். கரெம்பு ஏன் பாடவில்லை என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

'கறுப்பு, வெள்ளை, அரபு' என்று அந்த அணியைக் கொண்டாடினார்கள். வெற்றி வளைவின்மேல் ஜிதானின் முகத்தை ஒளியில் காட்டினார்கள். மூன்றே வருஷம். 2001 அக்டோபரில் அல்ஜீரியாவோடு நட்பு ஆட்டம், அதே மைதானம். பிரெஞ்சு கீதத்துக்கு விசில் அடித்தார்கள், கூட்டம் உள்ளே புகுந்தது, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். 2002 ஏப்ரலில் லெ பென் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்குப் போனார். இந்த அணி போலி பிரெஞ்சு அணி என்று 1996-லேயே பேசியவர். மே 31-ல் செனகல் 1-0 என்று பிரான்ஸைத் தோற்கடித்தது. நான் அழுதேன். அண்ணன் போனில் சிரித்தான். அவன் வகுப்பில் பாதிப் பேர் செனகலுக்குக் கத்தினார்களாம்.

2006-க்கு வருவோம். பிளஸ் டூ முடித்து சென்டாக் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்த ஜூன் மாதம். பிரான்ஸ் அணியில் விகாஷ் தொராசூ. மொரீஷியஸ் வழி வந்த இந்திய வம்சாவளி, பிறந்தது நார்மண்டியில். "தொராசூவாவது மண்ணாவது, அது துரைசாமிடா" என்று பெரிய தாத்தா அடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்டால் கோபம் வரும். எங்கள் தெருவுக்கு அவர் துரைசாமிதான். சுவிட்சர்லாந்து ஆட்டத்தில் கடைசி ஐந்தாறு நிமிடம், தென் கொரியா ஆட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று நிமிடம். அவ்வளவுதான். மிச்ச நாளெல்லாம் பெஞ்ச். அவர் சும்மா இருக்கவில்லை. கையில் ஒரு சூப்பர் 8 கேமராவை வைத்துக்கொண்டு ஹோட்டல் அறையை, ஜன்னலை, காத்திருப்பதைப் படம் பிடித்தார். ஃப்ரெட் பூலேயோடு சேர்ந்து 'சப்ஸ்டிட்யூட்' என்று அது படமாக வந்தது. ஜெயிப்பதைப் பற்றி எத்தனையோ கால்பந்துப் படங்கள் உண்டு. உள்ளே சேர்த்துக்கொண்டும் ஆடவிடாமல் உட்கார வைத்திருப்பதைப் பற்றி நான் பார்த்தது இது ஒன்றுதான். அந்த வருஷ அக்டோபரில் பி.எஸ்.ஜி. அவரை வேலையை விட்டு நீக்கியது. அதே கிளப்புக்காக ஏப்ரலில் பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் வெற்றி கோல் போட்டவர்!

பெர்லின் இறுதிப் போட்டி உங்களுக்குத் தெரியும். 110-வது நிமிடம், ஜிதானின் தலை, மத்தெராட்சியின் நெஞ்சு. பிறகு பெனால்டியில் த்ரெஸெகேயின் பந்து குறுக்குக் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. மத்தெராட்சி எங்கள் ஊரில் ஒரு கெட்ட வார்த்தை ஆனது.

இனி வருவது விதியின் நக்கல். 2014-ல் நான் சென்னையில் ஓ.எம்.ஆரில் கோடு எழுதிக்கொண்டிருந்தேன். ஐ.எஸ்.எல். தொடங்கியது. சென்னையின் எஃப்.சி. நீலச் சட்டையோடு வந்தது. பயிற்சியாளரும் ஆட்டக்காரருமாக யார்? மத்தெராட்சி. அவர் அணியிலேயே, 2006-ல் எதிர்ப்பக்கம் இருந்த சில்வெஸ்த்ர். புனே அணிக்கு த்ரெஸெகே. பெர்லினின் மிச்சங்கள் எல்லாம் நம்ம ஊர் புல்லில் ஓடிக்கொண்டிருந்தன. நேரு ஸ்டேடியத்தில் பக்கத்து சீட் பையன் "மார்கோ! மார்கோ!" என்று கத்தினான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கரெம்பு மாதிரி. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. இறுதியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று, காயம்பட்ட நேரத்தில் மெந்தோசா போட்ட கோலால் ஜெயித்தோம். மத்தெராட்சி ஓடி வந்ததைப் பார்த்து நானும் எழுந்து கத்தினேன். பெரிய தாத்தா அப்போது இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

பிரான்ஸ் பக்கம் இடையில் நிறைய நடந்தது. 2010-ல் தென்னாப்பிரிக்காவில் வீரர்கள் பஸ்ஸை விட்டு இறங்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2011-ல், இரட்டைக் குடியுரிமைக்கு வாய்ப்புள்ள பையன்களை அகாடமிகளில் ஒரு அளவுக்கு மேல் சேர்க்காமல் இருக்கலாமா என்று சம்மேளன அதிகாரிகள் பேசியதை மீடியாபார் வெளியிட்டது. அண்ணன் அதோடு விட்டுவிட்டான். "நம்மளை எண்ணுறானுங்கடா" என்றான்.

2018-ல் மறுபடி கோப்பை. 1998-ல் கேப்டனாக இருந்த தெஷாம் இப்போது பயிற்சியாளர். அந்தக் கோப்பைக்கு அப்புறம் பிறந்த எம்பாப்பே ஹீரோ. ஆப்பிரிக்கா ஜெயித்தது என்று அமெரிக்க டிவியில் ட்ரெவர் நோவா ஜோக் அடித்தார். அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், வேறொன்றுமில்லை என்று பிரெஞ்சுத் தூதர் கடிதம் எழுதினார். நான் தூதர் பக்கம் நின்றேன். அண்ணன் போனில் சொன்னான்: "உனக்கு என்ன, நீ காரைக்கால்ல உட்கார்ந்து பிரெஞ்சுக்காரனா இருக்க. ஜெயிச்சாதான்டா தூதர் லெட்டர் எழுதுவாரு." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது கொஞ்சம் மிகை என்று அன்று நினைத்தேன். 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற இரவு, கோமானுக்கும் ச்சுவாமேனிக்கும் இன்ஸ்டாகிராமில் வந்து குவிந்த வசைகளைப் பார்த்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. இரண்டு பேரும் பெனால்டியைத் தவறவிட்டவர்கள். இரண்டு பேரும் கறுப்பர்கள்.

ஆனாலும் நான் பார்ப்பதை நிறுத்தவில்லை. அண்ணனும் நிறுத்தவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் மகள் பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன கிளப்பில் ஆடுகிறாள். சட்டையின் முதுகில் அவள் குடும்பப் பெயரை முழுசாகப் போட இடம் போதவில்லையாம். முதல் நான்கு எழுத்து மட்டும் இருக்கிறது.

அவர்கள் போன தடவை ஊருக்கு வந்தபோது அம்மா பீரோவிலிருந்து அந்தப் பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தார். அவளுக்குச் சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் கடற்கரையில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் நின்று, முதுகைத் திருப்பிக் காட்டி, உடைந்த தமிழில் கேட்டாள்: "சித்தப்பா, இது யாரோட நம்பர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "துரைசாமியோடது."