கிதாரின் மீது அமர்ந்த பறவை

வுட்ஸ்டாக் இசைவிழாவில் ஒலித்த ஒரு பாடலையேனும் கேட்டறியாதவர்கள்கூட அதன் இலச்சினையை எங்கேனும் கண்டிருப்பர். சிவப்புப் பின்புலம், கிதாரின் கழுத்து, அதனைப் பற்றியிருக்கும் விரல்கள், மேலே ஒரு வெள்ளைப் பறவை. 'லோகோ' என்று நாம் தயக்கமின்றி வழங்கும் சொல்லுக்கு 'இலச்சினை' என்னும் தமிழ்ச்சொல் பொருந்தி வரும் இடங்களுள் இதுவும் ஒன்று. இலச்சினை என்பது முத்திரை. முத்திரை இட்டவன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்.

திரண்டு வந்த நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் மனநிலையிலிருந்து இந்த ஓவியம் பிறந்ததாக நினைப்போர் பலர். உண்மை அதற்கு மாறானது. ஒருவரும் வந்து சேராத நிலையில், விழாவுக்கு நிலமே கைநழுவிப் போயிருந்த நெருக்கடியில் வரையப்பட்டது இது.

விழா முதலில் நியூயார்க் மாநிலத்தின் வால்கில் என்னும் ஊரில் நடப்பதாக இருந்தது. டேவிட் பேர்ட் என்னும் ஓவியர் அதற்கொரு சுவரொட்டியும் வரைந்திருந்தார். நீர்க்குடம் தாங்கிய ஆடையற்ற பெண்ணுருவம், சுற்றிலும் மன்மதக் குழந்தைகளும் இதயங்களுமாக நுணுக்கமான வேலைப்பாடு. ஆனால் நீண்ட தலைமுடியுடைய இளைஞர் கூட்டம் ஊருக்குள் நுழைவதை வால்கில் மக்கள் விரும்பவில்லை. 1969 ஜூலை 15 அன்று அனுமதி மறுக்கப்பட்டது. விழாவுக்குச் சரியாக ஒரு மாதமே இருந்தது. பெத்தல் என்னும் சிற்றூரில் மாக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணையாளரின் நிலம் கிடைத்தது. ஊர் மாறியதால் சுவரொட்டியும் மாறவேண்டியதாயிற்று. (வுட்ஸ்டாக் என்னும் ஊர் அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; பெயர் மட்டும் விழாவோடு ஒட்டிக்கொண்டது.)

புதிய சுவரொட்டியைச் செய்தவர் விளம்பரத்துறை வடிவமைப்பாளரான அர்னால்டு ஸ்கோல்னிக். அக்காலத்து இசைச் சுவரொட்டிகள் எழுத்துகளை நெளியவிட்டு, நிறங்களை உருகவிட்டு, உரியவர்கள் மட்டுமே படித்தறியும்படி அமைந்தவை. ஸ்கோல்னிக் அவ்வழியை அடியோடு விட்டார். வழிப்போக்கன் ஒருவன் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளவேண்டும், ஊர்க்காரர்கள் அஞ்சாதிருக்கவேண்டும். மூன்று நாள் அமைதியும் இசையும் என்னும் வாசகம் முதலில் அமைந்தது. பின் தம் வரைதாளில் இருந்த பறவை ஒன்றைச் சவரக்கத்தியால் வெட்டியெடுத்தார். ஹென்றி மத்தீஸ் தம் முதுமையில் செய்த காகித வெட்டோவியங்களின் சாயல் அதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

அந்தப் பறவை புறா அன்று என்பதுதான் சுவையான செய்தி. லாங் ஐலண்டை ஒட்டிய ஷெல்டர் தீவில் தங்கியிருந்தபோது ஸ்கோல்னிக் ஓயாமல் வரைந்து பழகியது 'கேட்பேர்ட்' என்னும் சாம்பல்நிறச் சிறுபறவை. பூனைபோல் கத்துவதாலும், பிற பறவைகளின் குரலைத் தன் பாட்டில் கலந்து பாடுவதாலும் அறியப்படுவது அது. முதலில் ஒரு நாள் முழுதும் அப்பறவை புல்லாங்குழலின் மீதுதான் அமர்ந்திருந்தது. அந்நாட்களில் தாம் ஜாஸ் கேட்டுக்கொண்டிருந்ததே காரணம் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதன் பிறகே அது கிதாருக்கு இடம்பெயர்ந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டில், வெள்ளைப் பறவையைக் கண்ட உலகம் அதனைச் சமாதானப் புறா என்றே வாசித்தது. அந்த வாசிப்பைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன்.

அச்சுவரொட்டியில் கலைஞர்களின் பெயர்கள் ஒவ்வொரு நாளுக்கும் அகரவரிசைப்படி, ஒரே அளவில் இடம்பெற்றன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தம் எழுத்துக்குரிய இடத்தில்; முதல் நாள் பட்டியலின் கடைசிக்கு முன் ரவிசங்கர். பெரியவர் சிறியவர் பூசலுக்கு இடமே இல்லை. சுவரொட்டியில் இடம்பெறாத பெயர் ஒன்றும் உண்டு. முதல் நாள் மேடையேறி அக்கூட்டத்திற்கு வாழ்த்துரை வழங்கியவர் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். 1966இல் அவரை நியூயார்க்குக்கு அழைத்தவர் பீட்டர் மாக்ஸ் என்பதும், அவரும் ஒரு சுவரொட்டி ஓவியரே என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

இருபத்தைந்தாம் ஆண்டில், 1994 ஆகஸ்டில், சாகர்ட்டீஸ் என்னும் ஊரில் விழா மீண்டும் நடந்தது. இலச்சினையைப் புதுப்பிக்கவேண்டும், ஆனால் அடையாளம் குலையக்கூடாது. கண்டுபிடித்த வழி: கிதாரின் மீது இரண்டு பறவைகள்! இரண்டாம் விழாவுக்கு இரண்டு பறவை; வாசகமும் இன்னும் இரண்டு நாள் அமைதியும் இசையும் என்றாயிற்று. பின்னர் மூன்றாம் நாளும் சேர்க்கப்பட்டது வேறு கதை.

இது மோசமான வடிவமைப்பு அன்று, விழாவும் தோல்வியன்று. ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் வந்தனர். எனினும் ஏதோ ஒன்று இழக்கப்பட்டது என்றே எனக்குப் படுகிறது. பழைய ஓவியத்தில் கை நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது, இசை எழுகிறது, பறவை பறந்துபோகவில்லை. அந்த நம்பிக்கைதான் ஓவியத்தின் உயிர். பறவை ஒன்றாக இருக்கும்வரை அது தற்செயலாக வந்தமர்ந்தது, எந்நேரமும் பறந்துவிடக்கூடியது. இரண்டானதும் அது எண்ணிக்கை ஆகிவிட்டது. பெப்சி நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த விழாவில் பறவை விற்பனைக்குரிய முத்திரையாயிற்று.

1999 ஜூலையில் ரோம் நகரின் பழைய விமானப்படைத் தளத்தில் நடந்ததை அறியாதார் இல்லை. கொதிக்கும் தார்த்தளம், நான்கு டாலருக்கு ஒரு குப்பித் தண்ணீர், பெண்கள் மீதான வன்முறைகள். அமைதி வேண்டி ஏற்றுவதற்கென வழங்கப்பட்ட மெழுகுவத்திகளைக்கொண்டே இறுதி இரவில் தீ மூட்டினர். 'அமைதிச் சுவர்' என்று பெயரிடப்பட்டிருந்த ஓவியம் தீட்டிய மரவேலியைப் பிடுங்கி அதிலே எறிந்தனர். புதிதாக ஒரு பறவையை வரைந்து இதனைச் சரிசெய்திருக்க முடியாது. ஐம்பதாம் ஆண்டு விழாவோ 2019 ஜூலை 31 அன்று கைவிடப்பட்டது.

ஸ்கோல்னிக் 2022இல் தம் எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். யாஸ்கரின் பழைய வயலோரம் 1984இல் நாட்டப்பட்ட நினைவுக்கல்லில், பாடியவர்களின் பெயர்களோடு அவர் வெட்டிய உருவமும் பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் இருப்பது ஒற்றைப் பறவை.