காபிக்கடைப் பந்தயக்காரர்கள்: ஒரு கலப்பு வண்டியின் வரலாறு

லண்டனின் வடக்கு வட்டச் சாலையோரத்தில் 1938இல் திறக்கப்பட்டது ஏஸ் கஃபே. முதலில் லாரிக்காரர்களுக்கான கடை. 1940இல் குண்டுவீச்சில் இடிந்து, 1949இல் மறுபடி கட்டப்பட்டது. இரவெல்லாம் திறந்திருக்கும், தேநீர் மலிவு, காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்று உண்டு. ஐம்பதுகளில் கையில் வாரக்கூலி புழங்க ஆரம்பித்த தொழிலாளர் வீட்டுப் பையன்களுக்கு இது போதும். அவர்கள் ஓட்டிவந்த வண்டிக்குத்தான் 'கஃபே ரேஸர்' என்று பெயர். கேலிப் பெயராகத்தான் தொடங்கியது என்பார்கள்: இவன் நிஜப் பந்தயக்காரன் இல்லை, காபிக்கடை வாசலில் வீரம் காட்டுகிறவன்.

இந்தப் பையன்களைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சமல்ல. 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரையிலும், அந்த ஆண்டு மே மாதம் பிரைட்டனிலும் மார்கேட்டிலும் ஸ்கூட்டர் ஓட்டிய 'மாட்'களும் இவர்களும் மோதிக்கொண்டதைப் பத்திரிகைகள் எப்படி ஊதிப் பெருக்கின என்பதை ஸ்டான்லி கோஹன் 1972இல் விரிவாகக் காட்டினார். பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் இளைஞர்களின் உடையையும் தலைமுடியையும் வண்டியையும் குறிகளாக வாசித்தார்கள். நம் சிறுபத்திரிகைகளுக்கும் பழகிப்போன வாசிப்பு முறைதான். ஆனால் தோல் சட்டையைப் பிரதியாக வாசிக்க முடிந்த அளவுக்கு, அரத்தையும் ஸ்பேனரையும் வாசிக்க முடியவில்லை. பைக் பையன்களோடு உட்கார்ந்து பேசி 1978இல் புத்தகம் எழுதிய பால் வில்லிஸைக் கொஞ்சம் விலக்காகச் சொல்லலாம். மற்றபடி கோட்பாட்டுக்காரர்கள் கையில் கிரீஸ் படாமலே வேலையை முடித்துக்கொண்டார்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். 'டிரைட்டன்' என்ற பெயரே ஒட்டுப்போட்டது: டிரையம்ஃப் பாதி, நார்ட்டன் பாதி. எந்தக் கம்பெனியும் விற்காத வண்டி அது. நார்ட்டனின் 'ஃபெதர்பெட்' சட்டகம் 1950இல் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்தது. வளைவில் வண்டி ஆட்டம் காணாமல் திரும்பும். டிரையம்ஃபின் இரட்டைச் சிலிண்டர் என்ஜினோ, 1937இல் எட்வர்ட் டர்னர் கொண்டுவந்த வடிவத்தின் வாரிசு. நோண்ட நோண்ட வேகம் தரும். ஆனால் அதன் சொந்தச் சட்டகம் அந்த வேகத்தைத் தாங்காமல் நெளியும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற கேள்வி எந்த முதலாளிக்கும் வரவில்லை, வரவும் வராது.

சட்டகம் எங்கிருந்து கிடைத்தது என்பது இன்னும் சுவாரசியம். அக்காலத்து 500 சிசி குட்டிப் பந்தயக் கார்களுக்கு நார்ட்டன் என்ஜின் தேவைப்பட்டது. நிறுவனமோ என்ஜினைத் தனியாக விற்க மாட்டேன் என்றது. கார்க்காரர்கள் முழு வண்டியை வாங்கி, என்ஜினைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். பணக்கார விளையாட்டின் கழிவுதான் டிரைட்டனின் முதுகெலும்பு. பிறகு விபத்தில் சிக்கிய சாலை வண்டிகளின் சட்டகங்களும் இதற்குப் பயன்பட்டன.

ஒன்றில் மற்றதைப் பொருத்துவது சும்மா இல்லை. என்ஜினையும் கியர் பெட்டியையும் பிடித்து நிற்கும் தகடுகளைப் புதிதாக வெட்டி, துளையிட்டு, அரம் போட வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் செயின் ஒரு பக்கம் இழுத்துத் தேயும், அறுந்தும் போகும். ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு முன் ஃபோர்க்கிலேயே இரண்டு குட்டைப் பிடிகளை இறுக்குவார்கள். உடம்பு முன்னால் குனிவதால் கால்தாங்கியைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். அதைத் தள்ளினால் கியர் லீவருக்கும் பிரேக்குக்கும் புதிய இணைப்பு வேண்டும். ஒன்றை மாற்றினால் அடுத்தது தானாக மாறக் கேட்கும். பகலில் யாரோ ஒருவருடைய எந்திரத்துக்கு உழைத்த கை, இரவில் தன்னுடையதற்கு உழைத்தது. 1965இல் டேவ் டெஜன்ஸும் ரெக்ஸ் புட்சரும் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தில் டிரைட்டன் ஓட்டி ஜெயித்தபோது பெரிய தொழிற்சாலைகள் தோற்றன.

இதைப் புரட்சி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. மணிக்கு நூறு மைலைத் தொடும் ஆசையில் செத்த பையன்கள் பலர். பெண்கள் பெரும்பாலும் பின்னிருக்கையில்தான் தெரிகிறார்கள். தானே ஓட்டிய பெண்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றிய பதிவு மெல்லியது. மலிவுக் காரும் வந்துவிட்டது, 1959இல் மினி. 1969இல் ஏஸ் கஃபே மூடப்பட்டது, 2001இல்தான் பழைய நினைவுகளுக்காகத் திரும்பத் திறந்தது.

சந்தை அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. 1961இலிருந்து பழகுநர் உரிமத்துக்கு 250 சிசி வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. அந்த வரம்புக்குள்ளேயே குட்டைப் பிடி, பின்தள்ளிய கால்தாங்கி எல்லாம் வைத்து, ராயல் என்ஃபீல்ட் கான்டினென்டல் ஜிடி வண்டியை 1964இல் அறிமுகப்படுத்தியது. தன் ஆலையின் இளம் பயிற்சித் தொழிலாளர்களின் யோசனைகளை எடுத்துக்கொண்டதாக நிறுவனமே பெருமையாகச் சொல்லும். யோசனை அவர்களுடையது, விலைச்சீட்டு கம்பெனியுடையது.

இங்கேதான் கதை நம் ஊர்ப்பக்கம் வருகிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு வைத்து, திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்க வழி செய்தது இதே நிறுவனம். 1970ஓடு இங்கிலாந்தில் அதன் கதை முடிந்தது, இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1977இல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. கான்டினென்டல் ஜிடி என்ற பெயரும் 2013இல் 535 சிசி வண்டியாகத் திரும்பி வந்தது. கூன் விழுந்த ஒற்றை இருக்கை முதல் எல்லாம் தயார். வாங்குகிறவன் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். அடுத்து இரட்டைச் சிலிண்டர் 650, இந்தியச் சந்தைக்கு 2018 நவம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில், ஒரகடம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள்.