நாவால் இயக்கும் கணினி

கையும் காலும் செயலிழந்த ஒருவர் நாக்கை அசைத்தே திரையில் சுட்டியை நகர்த்தவும், எழுதவும், மின் சக்கர நாற்காலியைச் செலுத்தவும் வழிசெய்யும் கருவிகள் பல உள்ளன. கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கே இவை முதன்மையாக உதவுகின்றன. இலங்கையில் இத்தகைய காயத்துக்கு மரத்திலிருந்து விழுவது முக்கியக் காரணங்களில் ஒன்று. மிளகு பறிக்க ஏணி சாத்துவதும், பாக்கு, தென்னை, கித்துள் மரங்களில் ஏறுவதும் பிழைப்பாக உள்ள மாத்தளை மாவட்டத்துக்கு இது எங்கோ நடக்கும் கதையல்ல.

கழுத்து முறிந்தாலும் நாக்கு தப்பிவிடுவது ஏன்? கை, கால்களுக்கான கட்டளை முள்ளந்தண்டு வடம் வழியாக இறங்குகிறது. நாக்குக்கான கட்டளை அந்த வழியில் போவதே இல்லை. பன்னிரண்டாம் மண்டை நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு நேரே நாக்கை வந்தடைகிறது. இயக்கத்தை ஆளும் மூளைப் புறணியில் வாய்க்கும் நாக்குக்கும் உரிய பரப்பு கைவிரல்களின் பரப்புக்குச் சளைத்ததல்ல. நாக்கு எளிதில் களைப்பதுமில்லை.

நாக்குக்கு முன்பே மூச்சு கருவியானது. 1960-களில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் ரெஜ் மாலிங் உருவாக்கிய 'போசம்', குழாயில் ஊதியும் உறிஞ்சியும் தட்டச்சுப்பொறி போன்றவற்றை இயக்கச் செய்தது. அது மகத்தான உதவிதான். ஆனால் ஊதுதல், உறிஞ்சுதல் என்ற இரண்டே செயல்களைக் கொண்டு எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் நிறுவனத்தில் மைசம் கோவன்லூ குழுவினர் உருவாக்கிய 'டங் டிரைவ்' வேறு வழியில் சென்றது. நாக்கில் துளையிட்டு, மூக்குத்தி போன்ற சிறிய காந்தக் குமிழ் ஒன்றைப் பொருத்துகிறார்கள். தலையில் அணியும் பட்டையிலிருந்து கன்னங்களருகே நீளும் உணரிகள், நாக்கு நகரும்போது காந்தப்புலம் மாறுவதை அளக்கின்றன. நான்கு திசைகள், இரண்டு சொடுக்குகள் என ஆறு கட்டளைகள் கிடைக்கின்றன. கைகால் செயலிழந்த 11 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. துல்லியம் குறையாமல், ஊதி உறிஞ்சும் குழாயைவிடச் சராசரியாக மூன்று மடங்கு வேகத்தில் அவர்கள் பணிகளைச் செய்தனர்.

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் லொட்டே ஸ்ட்ரைக் வடிவமைத்த முறையில் உணரிகள் மேலண்ணத் தகட்டிலேயே உள்ளன. நாக்கில் பொருத்திய சிறு உலோகத் துண்டு அவற்றைத் தொடும்போது கட்டளை பிறக்கிறது. மொத்தம் 18 உணரிகளில் 10 எழுத்துகளுக்கும் 8 சுட்டியை நகர்த்தவும் பயன்படுகின்றன. அண்மையில் வந்த 'மவுத்பேட்' கருவிக்கு நாக்கைத் துளைக்கவே வேண்டாம். அண்ணத்தில் ஒட்டியிருக்கும் தொடுதகடு நாக்கின் அழுத்தத்தையே உணர்கிறது.

அண்ணத் தகடு ஒவ்வொருவரின் வாய்க்கும் அளவெடுத்துச் செய்யப்படுவது. பல் வரிசையைச் சீராக்க அணியும் கழற்றக்கூடிய தகட்டின் வேலைப்பாடே இதற்கும் அடிப்படை. மாத்தளையிலிருந்து கண்டி வழியாகப் போனால் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடம். முள்ளந்தண்டு பாதிப்புற்றோரைப் பராமரிக்க திகனையிலும் ராகமையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள். இந்த இரு துறையினரும் பொறியியலாளர்களும் ஒன்றுகூடினால் தகட்டை இங்கேயே வார்க்கலாம். இலங்கை 2016-இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனமும் உதவிக் கருவிகள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வழிசெய்யுமாறு அரசுகளைக் கோருகிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இயக்க நரம்பணு நோயில் நாக்கே வலுவிழக்கும் என்பதால், அத்தகையோருக்குக் கண் அசைவைப் பின்தொடரும் கருவியே ஏற்றது. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் காந்தத்தைக் கழற்றியாக வேண்டும். சாப்பிடும்போது தகடு வாயில் இருக்கக்கூடாது. வெற்றிலை போடுபவருக்கும் அதே விதிதான். பேச்சும் இடையூறாகலாம். ட, ண, ள, ழ ஆகியவற்றை ஒலிக்க நாக்கு மேலே வளைந்து, தகடு இருக்கும் இடத்தையே நாடுகிறது. ஆகவே தமிழ் பேசுபவருக்கு, பேசும் நேரத்தில் கருவியை உறங்கவைக்கும் ஒரு கட்டளை அவசியம்.

எழுதும்போது ஒவ்வொரு தொடுகையும் உழைப்பு. ஆல்போர்க் முறையில் 12 உயிரும் 18 மெய்யும் எழுத்துகளுக்கான பத்து உணரிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், விசைப்பலகையைத் தேர்வதில் கவனம் வேண்டும். புள்ளியைத் தனியே தட்டும் முறையில் 'அம்மா' என்று எழுத ஐந்து விசைகள் தேவை. தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரே மெய்யெழுத்து அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும்.