எலிக்குப் போட்ட ஊசி

அக்கி எண்டால் எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். கொப்பளிப்பான் கிருமி வருசக்கணக்கா நரம்புக்குள்ள ஒளிச்சிருந்து திரும்பி வாறதுதான் அது. ஆனால் அதே குடும்பத்து இன்னொரு வைரஸைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை. பாலுறவால் பரவும் ஹெர்பிஸ், அதாவது இரண்டாம் வகை. 2020இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட சுமார் 52 கோடிப் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். தடுப்பூசி இன்னும் இல்லை.

அந்தத் தடுப்பூசியைத் தேடிய வரலாற்றில் ஒரு ஹார்மோன் ஊசி வருகிறது: டெப்போ புரோவெரா. எங்கட கிளினிக்குகளில மூண்டு மாதத்துக்கு ஒருக்காப் போடுற அதே குடும்பக் கட்டுப்பாட்டு ஊசிதான்.

பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி 4, 5 நாள்தான். ஈஸ்ட்ரஜன் கூடிய நாட்களில் யோனியின் உட்தோல் தடித்துவிடும். வைரஸ் உள்ளே போகாது. ஆய்வாளர்களுக்கு இது பெரிய தலையிடி. 1994இல் மார்கரெட் பார் குழுவினர் எலிகளுக்கு முதலில் டெப்போ போட்டார்கள். உட்தோல் மெலிந்தது, தொற்று நிச்சயமானது. பிறகு பல ஆய்வுகூடங்களில் இதுவே வழமையாயிற்று.

2003இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சாரு கௌஷிக் குழுவினர் அந்த வழமையையே சோதித்தார்கள். டெப்போ போட்ட எலிகளுக்குத் தொற்று ஏற்பட 100 மடங்கு குறைந்த வைரஸே போதுமாக இருந்தது. நோயெதிர்ப்பும் குறைந்தது. அவர்களுடைய பிந்திய ஆய்வுகளில், ஈஸ்ட்ரஜன் பெற்ற எலிகளைத் தடுப்பு மருந்து நன்றாகக் காத்தது. அப்போ கேள்வி இதுதான்: ஆய்வுகூடம் இவ்வளவு காலமும் அளந்தது வைரஸையா, ஊசியையா?

அப்படியெண்டால் ஊசி போடுற பெண்களுக்கு ஆபத்தா? எலியில் கண்டதை அப்படியே மனிசருக்குச் சொல்லேலாது. எச்.ஐ.வி. பற்றி இதே பயம் எழுந்தபோது ஆபிரிக்காவின் நான்கு நாடுகளில் 7,829 பெண்களிடம் டெப்போ, லூப், கையில் வைக்கும் இம்பிளான்ட் மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவு வந்தது: பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆய்வுக் காலத்தில் 397 பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. மூன்றுமே கர்ப்பத்தைத் தடுக்கத்தான். தொற்றைத் தடுக்க அல்ல.

ஹெர்பிஸுக்கும் அப்படித்தான். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசா இல்லாமல் ஆக்காது. ஊசியைப் பயத்தில நிப்பாட்டவும் வேண்டாம். அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகேக்க, "இது தொற்றையும் தடுக்குமா?" எண்டு குடும்பநல மாதுவிடம் கேளுங்கோ. வெட்கப்பட ஒண்டுமில்லை. ஆய்வுகூடமே கேட்கப் பிந்திய கேள்வி அது.