புத்தளத்துக்குத் தெற்கே ஒரு புறா

இரண்டு வருடத்துக்கு முந்தி, புத்தளத்தில இருந்து கொழும்புக்கு பஸ்ஸில வந்துகொண்டிருந்தேன். சிலாபம் தாண்டி, மாரவிலைக்குக் கிட்ட ஆக்களை ஏத்த பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே மின்கம்பியில ஒரு புறா. வீட்டு முற்றத்தில வழமையா காணுற மணிப்புறாவை விட வெளிறின நிறம். கழுத்துக்குப் பின்னால, மையால கீறின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. 'வடிவா இருக்கே' என்று நினைத்தேன். பஸ் வெளிக்கிட்டது. படம் எடுக்கேல்லை, நேரம் குறிக்கேல்லை.

பல மாதம் கழித்து ஒரு பறவைக் கையேட்டைப் புரட்டும்போதுதான் துணுக்குற்றேன். கழுத்துக் கோட்டோடு அதில் இருந்தது கள்ளிப்புறா. இலங்கையில் அது புத்தளம் பக்கமிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரையான வறண்ட கரையோரத்துக்குரிய பறவை என்று போட்டிருந்தது. அப்ப மாரவிலையில நான் கண்டது என்ன? ஆரும் வளர்த்துத் தப்பின பறவையா, வெயிலில வெளிறித் தெரிஞ்ச வேறொரு புறாவா, உண்மையிலேயே எல்லை தாண்டி வந்ததா? இண்டைக்கும் சொல்ல ஏலாது. என்னட்ட இருப்பது ஒரு ஞாபகம் மட்டும். அதைப் பதிவு என்று ஒருத்தரும் ஏற்கமாட்டார்கள். ஏற்கவும் கூடாது.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. புத்தளத்தில் அந்த எல்லையைப் போட்டது யார்?

இலங்கைப் பறவைகள் ஒவ்வொன்றும் எங்கெங்கே வாழ்கின்றன என்று முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் வின்சென்ட் லெக். டாஸ்மேனியாவில் பிறந்தவர், பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி. 1868 முதல் 1877 வரை இங்கே பணியாற்றினார். திரும்பிப் போய் 1878க்கும் 1880க்கும் இடையில், ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். தான் போன இடங்களில் தானே பார்த்து எழுதினார். போகாத இடங்களுக்கு மற்ற அதிகாரிகளும் நண்பர்களும் தந்த தகவல்கள் கைகொடுத்தன. பிறகு 1925இல் சிவில் சேவை அதிகாரி வெயிட் ஒரு கையேடு எழுதினார். 1955இல் ஜோர்ஜ் ஹென்றியின் வழிகாட்டி வந்தது. கொழும்பு நூதனசாலையில் பூச்சியியல் பிரிவில் வேலை செய்தவர். தன் புத்தகத்துக்கான படங்களைத் தானே வரைந்தார்.

இவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மனசில வைக்கவேணும். ஒரு அதிகாரி எந்த வீதியால போனார், எந்த வாடிவீட்டில தங்கினார், எந்த மாதத்தில போனார் என்பதும் அந்த வரைபடங்களுக்குள் சேர்ந்தே இருக்கிறது. பறவை நிக்கிற இடமும் பறவையைப் பார்த்தவர் நின்ற இடமும் ஒரே கோட்டில்தான் பதிவாகின.

ஹென்றியின் புத்தகம் வந்த அதே 1955இல் இங்கிலாந்தின் நோர்ஃபோக் கரையில் ஒரு புறாச் சோடி கூடு கட்டியது. அதுவும் கள்ளிப்புறாதான். பிரித்தானியாவில் அந்தப் பறவை கூடு கட்டியதாகப் பதிவானது அதுவே முதல் தடவை.

அந்தப் புறாவுக்கு அறிவியல் பெயர் வந்ததும் ஐரோப்பாவின் ஓரத்தில்தான். 1838இல் ஹங்கேரியரான ஃப்ரிவால்ட்ஸ்கி, இன்றைய பல்கேரியாவில் கிடைத்த பறவைகளை வைத்து 'டெகாஒக்டோ' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதற்குப் பதினெட்டு என்று அர்த்தம். வருடம் முழுக்க உழைத்தும் பதினெட்டுக் காசு மட்டும் கூலியாகப் பெற்ற வேலைக்காரப் பெண்ணின் முறைப்பாட்டைத்தான் இந்தப் புறா கூவித் திரிகிறது என்று ஒரு பழங்கதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது ஐரோப்பாவில் அது துருக்கியையும் பால்கனையும் தாண்டவில்லை. பிறகு ஹங்கேரி, ஜெர்மனி, நெதர்லாந்து என்று வடமேற்கே நகர்ந்தது. 1955இல் பிரித்தானியாவுக்கு அதிசய விருந்தாளி. இரண்டு தசாப்தத்துக்குள் அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கூவுகிற சாதாரணப் புறா. ஒவ்வொரு நாட்டிலும் முதல் பறவை எந்த வருடம் வந்தது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அங்கங்கே ஆரோ ஒருத்தர் திகதி போட்டு எழுதி வைத்ததால்தான்.

எழுதினால் மட்டும் போதாது என்பதற்கும் இதே புறாதான் உதாரணம். 1974இல் பஹாமாஸில் ஒருவர் வளர்த்த கள்ளிப்புறாக்கள் சில தப்பிப் போயின. அவற்றின் சந்ததி கடல் தாண்டி அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வந்தது. அங்கே பறவை பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. பார்த்தார்கள்தான். ஆனால் கூண்டில் வளர்க்கும், கழுத்தில் அதே கோடுள்ள இன்னொரு புறா என்று நினைத்து விட்டுவிட்டார்கள். வந்தது வேறு இனம் என்று 1980களின் நடுப்பகுதியில்தான் கூவலையும் இறகு நிறத்தையும் ஒப்பிட்டு உறுதிப்படுத்தினார்கள். அதற்குள் அது அங்கே நிலைகொண்டுவிட்டது. இன்றைக்குக் கனடா வரைக்கும் பரவியிருக்கிறது.

இனி எங்கட கரைக்கு வருவோம். கள்ளிப்புறா முட்பற்றையும் பனையும் உள்ள வறண்ட நிலத்தை விரும்புகிறது, சிலாபத்துக்குத் தெற்கே மழை கூடுகிறது, அதனால்தான் அது இறங்கி வரவில்லை என்று சொல்லலாம். நியாயமான விளக்கம். ஆனால் இதே பறவை நோர்ஃபோக்கின் மழையிலும் குளிரிலும் பெருகியிருக்கிறதே! ஆகவே மாரவிலைக்கு அது வரவே வராது என்று அடிச்சுச் சொல்ல ஆருக்கும் உரிமையில்லை. வந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் உரிமையில்லை.

இதற்குள் போரும் இருக்கிறது. இந்தப் புறாவின் இலங்கைத் தாயகம் என்று புத்தகங்கள் சொல்லும் மன்னாரும் யாழ்ப்பாணமும் 1983 முதல் 2009 வரை போருக்குள் கிடந்தன. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வந்திறங்கியது புத்தளத்தில். மனிதர்கள் பட்ட பாட்டையும் ஒரு புறாவின் பரவலையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. துவக்குச் சத்தத்துக்கு நடுவில பைனாகுலரோட கடற்கரையில நிக்க ஆர் துணிவான்? ஆகவே அந்தக் காலத்து வரைபடத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தால், அங்கே பறவை இல்லை என்று அர்த்தம் எடுக்கக்கூடாது. பார்க்கப் போனவர் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

வெறுமையான வரைபடம் ஆபத்தானது. 1980களில் இருந்து புத்தளம், சிலாபம் களப்புகளைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகள் வெட்டுப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் கைவிடப்பட்டன. 2011இல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இனியும் திட்டங்கள் வரும். முட்பற்றையைப் பார்த்து 'சும்மா கிடக்கிற காணி' என்று சொல்ல ஆக்கள் இருப்பார்கள். அங்கே முன்பு என்ன இருந்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால், என்ன போனது என்று நிரூபிக்கவும் ஏலாது.

எழுதி வைக்கிற வழக்கம் இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த தமிழர் சைமன் காசிச்செட்டி 1834இலேயே 'சிலோன் கசெட்டியர்' என்ற பெயரில் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் சனங்களையும் பற்றி ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். லெக் இங்கே கால் வைக்க 34 வருடங்களுக்கு முந்தி அது. வெளியிலிருந்து வாற அதிகாரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அவர் அப்பவே காட்டியிருக்கிறார்.

செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. திகதி, நேரம், இடம், எத்தனை பறவை, என்ன செய்தது. கழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு படம். மணிப்புறாவின் கழுத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த திட்டு இருக்கும்; கள்ளிப்புறாவுக்கு ஒற்றைக் கோடு. ஏலுமென்றால் கூவலையும் ஃபோனில பதிவு செய்யுங்கள். 'இது அதுவல்ல' என்று எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். 1943இல் தொடங்கின சிலோன் பேர்ட் கிளப், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவான கள பறவையியல் குழு இரண்டுமே இப்படியான குறிப்புகளால்தான் வளர்ந்தன. ஈபேர்ட் செயலியிலும் போடலாம். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள்.

போன மாதம் அதே வீதியால வந்தேன். இந்த முறை மாரவிலையில் இறங்கி ஒரு மணித்தியாலம் நடந்தேன். கொப்பியில் இப்படி இருக்கிறது: காலை 7.40, மணிப்புறா 3, காகம் நிறைய, கள்ளிப்புறா 0.

பூச்சியம்தான். ஆனால் திகதியோட இருக்கிறது.