இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? – ஒல்லாந்தக் கம்பனியின் பங்கிலாபம் சொல்லும் பாடம்



எமது ஊரில் சில வருடங்களாக ஒரே கதைதான். "ஒரு இலட்சம் போட்டால் மாதாமாதம் ஐயாயிரம். வட்டியில்லை, இலாபப் பங்கு, ஹலால்" என்று யாராவது வருவார்கள். முதல் இரண்டு மூன்று மாதம் காசு ஒழுங்காக வரும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் உம்மாவின் நகையை விற்றுப் போடுவார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியதைப் போடுவார்கள். பிறகு ஒருநாள் அவரின் தொலைபேசி வேலை செய்யாது. எமது வீட்டிலிருந்தும் அப்படி ஒரு தொகை போனது. மூன்று மாதம் காசு வந்தது. நான்காம் மாதம் வரவில்லை. ஆகவே ஏமாந்தவர்களை மடையர் என்று சொல்லும் தகுதி எமக்கில்லை.

அந்த மூன்று மாதமும் நாம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தக் காசு எங்கிருந்து வருகிறது?

வகுப்பில் ஒல்லாந்தர் காலத்தைப் படிப்பிக்கும் போதெல்லாம் இந்தக் கேள்வி எமக்கு ஞாபகம் வருகிறது. கோட்டை, சட்டம், கால்வாய் என்று படித்து முடித்து விடுகிறோம். ஆனால் இங்கு வந்தது ஒரு நாட்டின் அரசன் அல்ல, பங்குதாரர்களைக் கொண்ட ஒரு கம்பனி. அது பங்கிலாபம் கொடுத்த விதத்தில் எமக்கொரு பாடம் இருக்கிறது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602 மார்ச் 20இல் 21 வருடச் சாசனத்துடன் தொடங்கியது. வசதியுள்ள வணிகர் மட்டுமன்றிச் சாதாரண மக்களும் பங்கு சேரலாம் என்று அறிவித்தார்கள். அம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பெயர் எழுதினார்கள். வீட்டு வேலை செய்த ஒரு பெண்கூட 100 கில்டர் போட்டார். ஆறு நகரங்களிலும் சேர்ந்த முதல் 64 இலட்சம் கில்டருக்கும் அதிகம். அதே 1602இல்தான் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற் தலைவர் மட்டக்களப்பில் வந்திறங்கி, கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார்.

பங்கு வாங்கியவர்களுக்கு முதல் பங்கிலாபம் எப்போது கிடைத்தது தெரியுமா? 1610இல். ஏறத்தாழ எட்டு வருடம் ஒரு சதமும் இல்லை. கப்பல் போய், சரக்கு வந்து, விற்றுத் தீர வேண்டுமல்லவா? கோட்டை கட்டவும் போர்த்துக்கேயரோடு சண்டை பிடிக்கவும் வேறு பணம் போனது. பங்குதாரர்கள் கொதித்தார்கள். கம்பனி தொடங்கியபோது பெரும் பங்கு போட்ட ஐசாக் லெ மேர் என்ற வணிகர் 1609இல் நிர்வாகத்தைக் குறை கூறி மனுக் கொடுத்தார். கடைசியில் 1610இல் முகப்பெறுமதியின் 75% பெறுமதிக்குச் சாதிப்பத்திரி கொடுத்தார்கள். ஆம், காசுக்குப் பதிலாகச் சரக்கு. அதே வருடம் பின்னர் 50%க்கு மிளகும் 7.5% காசும் கொடுத்தார்கள். சாதிப்பத்திரியை வைத்து என்ன செய்வது என்று அதை வாங்க மறுத்தவர்களும் இருந்தார்கள்.

இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் அந்த மிளகு நேர்மையான பங்கிலாபம். வியாபாரம் நடந்தது, சரக்கு வந்தது, வந்ததில் பங்கு கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

பின்னர் கம்பனி பெருத்தது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. எமது நாட்டுக் கறுவா அதன் தனியுரிமையானது. களவாகக் கறுவா வெட்டினால், விற்றால் மரண தண்டனை வரை போகலாம். சலாகம சாதியினர் பதியப்பட்டு, காட்டுக்குப் போய் ஆளுக்கு இவ்வளவு என்று பட்டை உரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கொழும்பு முஸ்லிம்கள் மீதும் செட்டிமார் மீதும் 'ஊழியம்' என்ற கட்டாய வேலை சுமத்தப்பட்டது. அம்ஸ்டர்டாமில் ஒருவர் வீட்டிலிருந்தபடி வாங்கிய பங்கிலாபத்தில் இவர்களின் வியர்வையும் இருந்தது. ஆகவே 'எங்கிருந்து வருகிறது' என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு: யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது?

அந்தக் கம்பனி தன் ஏறத்தாழ 200 வருட வாழ்வில் சராசரியாக வருடத்துக்கு முகப்பெறுமதியின் 18% அளவு பங்கிலாபம் கொடுத்தது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் 100 கில்டர் பங்கின் சந்தை விலை பிற்காலத்தில் நாலைந்து மடங்காக ஏறியிருந்தது. 500 கொடுத்து வாங்கியவருக்கு 18 கிடைத்தால் அது 18% அல்ல, 3.6% தான். முகப்பெறுமதியை அல்ல, நாம் கொடுத்த விலையை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான இடம். 18ஆம் நூற்றாண்டில் இலாபம் குறைந்து வந்தது. கறுவா, மிளகு மட்டும் போதவில்லை. துணி, தேயிலை வியாபாரத்தில் ஆங்கிலேயர் போட்டிக்கு வந்தனர். செலவு கூடியது, ஊழலும் கூடியது. ஆனால் பங்கிலாபத்தை அதற்கேற்பக் குறைக்கப் பணிப்பாளர்களுக்கு மனம் வரவில்லை. குறைத்தால் பங்கின் விலை விழும், பெயர் கெடும். பல காலம் உழைத்ததை விடக் கூடுதலாகப் பங்கிட்டார்கள். அடுத்த ஏலத்தில் விற்கப்போகும் சரக்கை நம்பிக் குறுங்காலக் கடன் வாங்கித் தேவையைச் சமாளித்தார்கள். கணக்குப் புத்தகமோ பங்குதாரர் கண்ணில் காட்டப்படவில்லை. காசு வந்து கொண்டிருந்ததால் பெரும்பாலானோர் கேட்கவுமில்லை.

எமது பக்கத்து விவசாயிகள் இதற்கு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்: விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுவது. அந்தப் போகம் வயிறு நிறையும். அடுத்த போகம் விதைக்க ஒன்றும் இருக்காது.

1780இல் இங்கிலாந்தோடு யுத்தம் வந்தது. கப்பல்கள் பிடிபட்டன. சரக்கு வரவில்லை, ஏலமில்லை, கடன் கொடுக்க ஆளில்லை. பங்கிலாபம் நின்றது. 1796இல் இலங்கைக் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1799 டிசம்பர் 31இல் நூறு மில்லியன் கில்டருக்கு மேற்பட்ட கடனை அரசின் தலையில் விட்டுவிட்டுக் கம்பனி முடிந்தது. ஒல்லாந்தின் பாதுகாப்பான வருமானம் என்று பரம்பரையாக வைத்திருந்த பங்குகள் அத்தோடு சரி.

இதைப் படித்து விட்டு "பங்கே வேண்டாம்" என்று சொன்னால் பாடம் தவறிவிடும். ஒருவர் முதல் போட, ஒருவர் உழைக்க, இலாபத்தைப் பங்கிடும் முறை எமக்குப் புதிதல்ல. நபிகளார் (ஸல்) கதீஜா (ரழி) அவர்களின் முதலில் வணிகம் செய்தார்கள். முளாரபா என்று நாம் படிப்பது இதைத்தான். அதில் நட்டத்துக்கும் இடமுண்டு. மாதாமாதம் இவ்வளவு என்று நிச்சயமாகச் சொல்லும் இடத்தில் வியாபாரம் இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எமது நாட்டிலும் 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தொடங்கி, இன்றைய கொழும்புப் பங்குச் சந்தை வரை ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அங்கு பட்டியலிடப்பட்ட கம்பனிகள் கணக்காய்வு செய்த ஆண்டறிக்கையை வெளியிட வேண்டும். அம்ஸ்டர்டாம் பங்குதாரருக்குக் கிடைக்காத கணக்கு, இன்று எமது தொலைபேசியிலேயே கிடைக்கிறது. நீண்டகால வருமானத்துக்குப் பங்கு வாங்க நினைப்பவர்கள் இவற்றையாவது பார்க்க வேண்டும்.

ஒரு பங்குக்கு உழைத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? 4 ரூபாய் உழைத்து 5 ரூபாய் கொடுத்தால் அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது? ஒரு வருடத்தை மட்டும் பாராமல் ஐந்து, பத்து வருடம் பாருங்கள். கடன் ஏறிக்கொண்டே போகிறதா? கம்பனி செய்யும் தொழில் ஹலாலா, வட்டியில் எவ்வளவு தங்கியிருக்கிறது? இதை ஊரில் நம்பிக்கையான ஆலிம்களிடம் கேளுங்கள். பிள்ளையின் படிப்புக் காசையும், நாளை வைத்தியசாலைக்குத் தேவைப்படும் காசையும் இதில் போடாதீர்கள்.

அடுத்த முறை யாராவது கையில் கொப்பியோடு வந்து "மாதம் ஐயாயிரம்" என்றால், வீட்டில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். வெட்கப்படத் தேவையில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால் கோபப்படுகிறவரிடம் முதலைக் கொடுக்காதீர்கள்.

எமக்கு நடந்தது உங்களுக்கு நடக்காதிருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.